மூன்றாம் அறைக் கொரியன்

மூன்றாம் அறைக் கொரியன் அன்றைக்கும் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

கதவடியில் கதிரேசு வைத்துவிட்டுப் போன தட்டு வைத்தபடியே இருந்தது. கோப்பியில் ஆடை படிந்திருந்தது. பணிஸ் விறைத்துப் போயிருந்தது. கதிரேசு கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆள் உயிரோடுதான் இருக்கிறான்; அந்த அளவில் நிம்மதி.

இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், மூன்றே அறைகள் கொண்ட தங்கு விடுதி அது. உரிமையாளர் சிஞ்ஞோரா கத்தரீனா. கூட்டுவது, துடைப்பது, விரிப்பு மாற்றுவது, கோப்பி ஊற்றுவது, குழாய் ஒழுகினால் கீழே வாளி வைப்பது எல்லாம் கதிரேசு. வேலை முழு நாளும்; கொன்ராத்தில், அதாவது வேலை ஒப்பந்தத்தில், எழுதியிருந்தது அரை நாள். அதைப் பற்றிச் சிஞ்ஞோராவிடம் கேட்கவேண்டும் என்று அவர் நினைத்து வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு முறையும் சிஞ்ஞோராவின் முகத்தைப் பார்த்ததும், வாளி ஓட்டை என்று வேறு எதையாவது சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

இப்போது அந்த அரை நாளுக்கும் ஆபத்து வந்திருந்தது. முன்பு தங்கிய ஒருவர், பக்கத்துத் தேவாலயத்தில் மணி அடிக்கிறது என்று இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். அடுத்து வந்தவர், மணி நேரத்துக்கு அடிக்கவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் போட்டார். அதற்குப் பிறகு அறை கேட்பாரில்லை.

“இன்னுமொண்டு விழட்டும், கதீர்,” என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தாள். “வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் குடுத்திட்டு நான் நிம்மதியாப் படுப்பன்.”

வேலை போனால் கொன்ராத்து போகும். கொன்ராத்து போனால், பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போகும்போது அங்கே காட்டுவதற்குக் கதிரேசுவிடம் முகம் மட்டுந்தான் மிஞ்சும். ஆகவே, அவருடைய குடும்பத்தின் எதிர்காலம் மூன்றாம் அறையில் போர்த்துக்கொண்டு படுத்திருந்தது.

அவன் வந்ததை யாரும் காணவில்லை. தெருக்கதவுப் பெட்டியில் இலக்கத்தை அடித்து, சாவியை எடுத்து, பெரிய சூட்கேஸ் ஒன்றோடு தானாகவே மேலே ஏறி வந்திருந்தான். பதிவையெல்லாம் சிஞ்ஞோரா வீட்டிலிருந்தே போனில் பார்ப்பாள். “ஆர் அவர், சிஞ்ஞோரா?” என்று கதிரேசு கேட்டதற்கு, “பலெர்மோவிலை அறை எடுக்கிறவையிட்டை ஏன், எதுக்கு எண்டு நான் கேக்கிறேல்லை,” என்று போனை வைத்துவிட்டாள்.

கொரியன் என்று கண்டுபிடித்தது மகள் தர்மிளா. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் தலையணை உறை மாற்ற உதவிக்கு வருவாள். துவாய் வாங்குவதற்காக அவன் கதவை ஒரு சாண் திறந்தபோது கண்டுவிட்டாள்.

“அப்பா! கொரியன்!” என்று சமையலறைக்குள் ஓடி வந்தாள். “தலைமயிர் வெட்டைப் பாத்தீங்களே? அந்த நீளக் கோட்டு! நாடகத்திலை வாற மாதிரியே சோகமா நிக்கிறார்.”

“சீனாக்காரனாயும் இருக்கலாமெல்லே, பிள்ளை?”

தர்மிளா இடுப்பில் கை வைத்தாள். “அது ரட்சிஸ்மோ, இனத்துவேசம், அப்பா. கண்ட உடனை சீனன் எண்டுறது. உங்களைப் பங்களா எண்டு கூப்பிட்டா உங்களுக்கு எப்பிடி இருக்குது?”

கதிரேசுவுக்கு எப்படி இருக்கும் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். கீழே மீன் விற்கும் தோத்தோ, கதிரேசு இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவரை “ஓய் பங்களா!” என்றுதான் கூப்பிடுகிறான். “பங்களாதேசு இல்லை, இலங்கை. தமிழ்,” என்று கதிரேசு சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தார். “எல்லாம் ஒரு பக்கந்தானே,” என்பான் தோத்தோ.

“சரி, கொரியன். சாப்பிடுறானில்லை, வெளியிலை வாறானில்லை, வாயும் திறக்கிறானில்லை. இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது போலை. நான் என்ன செய்யிறது?”

“ஒரு சொல்லு காணும், அப்பா. ‘ஹேப்வா.’”

“அப்பிடியெண்டால்?”

“தமிழ் மாதிரித்தான். ‘ஹே’ எண்டால் செய். ‘ப்வா’ எண்டால் பார். செய்து பாரன்! ஆராவது பயந்துகொண்டு நிண்டால் சிநேகிதர் முதுகிலை தட்டிச் சொல்லுவினம். பெரியாக்களுக்குச் சொல்லப்படாது. உங்களிலும் சின்னப் பொடியன்தானே, சொல்லலாம்.”

கதிரேசு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பத்துப் பன்னிரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மகள் சரியென்று தலையாட்டினாள். ஐம்பது வயதில் புதிதாக ஒரு மொழி கைவந்த பெருமையோடு அவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மனைவி புஸ்பவதியிடம் புட்டும் மீன்குழம்பும் கட்டுவித்துக்கொண்டு வந்தார்.

“வெளிநாட்டுப் பிள்ளைக்கெண்டபடியாலை உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான்,” என்று புஸ்பவதி சொல்லியிருந்தாள். அது வன்னிக் கணக்கில் குறைவு.

கதவைத் தட்டினார். ஒரு சாண் திறந்தது. வீங்கிய கண், கலைந்த தலை. கதிரேசு தட்டை நீட்டினார். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“ஹேப்வா!” என்றார் கதிரேசு.

அவன் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான்.

“ஹேப்வா, ஹேப்வா,” என்று கதிரேசு தட்டைக் காட்டி, வாயைக் காட்டி, முதுகைத் தட்டுவதுபோல் காற்றைத் தட்டினார். அவனுடைய முகத்தில் ஏதோ இளகியது. ஒரு பிடி புட்டைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தான்.

முதலில் கண் விரிந்தது. பிறகு காது சிவந்தது. பிறகு அவன் வாயைத் திறந்துகொண்டு காற்றுத் தேடி பல்கனிக்கு ஓடினான். ஓடிய வேகத்தில் முழங்கை பட்டு, சுவரில் இருந்த துளசிச் சட்டி கீழே போனது.

கீழே தோத்தோவின் கடை. கடையின் நடுவில், பனிக்கட்டி மேல், வானத்தைப் பார்த்து வாளை நீட்டியபடி ஒரு வாள்மீன் தலை. வாடிக்கையாளரை இழுப்பதற்காகத் தோத்தோ தினமும் அலங்கரித்து வைக்கும் தலை அது. சட்டி சரியாக வாளின் மேல் விழுந்தது. வாள் பாதியில் முறிந்தது.

“பங்களாஆஆ!”

கதிரேசு மூன்று மாடியும் இறங்கி ஓடினார். பின்னால் கொரியனும் ஓடி வந்தான். வந்த நாளிலிருந்து அவன் அறையை விட்டு வெளியேறியது அதுதான் முதல் தடவை.

தோத்தோ முறிந்த வாளைக் கையில் பிடித்துக்கொண்டு, செத்த உறவினரைக் காட்டுவதுபோல் சனத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். “என்ரை வியாபாரம் போச்சு! வாளில்லாத வாள்மீனை ஆர் வாங்குவான்? சொல்லுங்கோ!”

“மன்னிச்சுக்கொள், தோத்தோ. என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்.”

“என்ன வேணுமெண்டாலும்?” தோத்தோ அழுகையை உடனே நிறுத்தினான். “இந்தா, இந்தப் பெட்டி. வுச்சீரியாச் சந்தையிலை மூலைச் சாப்பாட்டுக் கடைக்கு உடனை போகவேணும். என்ரை உதவியாள் இண்டைக்கு வரேல்லை. வெஸ்பாவை எடு.”

கதிரேசுவுக்கு வெஸ்பா ஓடத் தெரியாது. சைக்கிளே இறக்கத்தில் மட்டுந்தான் ஓடுவார். அதைச் சொல்ல வாயெடுக்கும் முன், கொரியன் முன்னால் வந்து தன் நெஞ்சைத் தொட்டு, வெஸ்பாவைக் காட்டினான். தவறு தன்னுடையது, தானே போகிறேன் என்று கண்ணால் கெஞ்சினான்.

“பாருங்கோ, யப்பானுக்கு இருக்கிற மனச்சாட்சியை!” என்றான் தோத்தோ.

இந்த ஊர் வாகன நெரிசலில் வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று வெஸ்பா ஓடினால் ஒற்றை நட்சத்திரம் போடவும் ஆள் மிஞ்சாது. அவன் தயங்கிக்கொண்டு கதிரேசுவின் முகத்தைப் பார்த்தான். வேண்டாம், இறங்கு, நில் என்று கத்த வேண்டும். ஆனால் நில் என்பதற்குக் கொரிய மொழியில் என்ன என்று மகள் சொல்லித் தரவில்லை. பதற்றத்தில், தெரிந்த ஒரே கொரியச் சொல் வாயிலிருந்து பாய்ந்தது.

“ஹேப்வா!”

அவன் முகம் மலர்ந்தது. வெஸ்பா சீறியது. இரண்டு தக்காளி வண்டிகளுக்கும் ஒரு குழந்தை வண்டிலுக்கும் இடையே பாம்புபோல் நெளிந்து, ஒற்றை வழித் தெருவில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி மறைந்தான். வழி எது என்று யாரிடமும் கேட்கவில்லை.

“நல்லாத்தான் ஓடுறான்,” என்றான் தோத்தோ, வியந்துபோய்.

போய்வரக் கால் மணித்தியாலம். ஒரு மணித்தியாலமாயிற்று. ஆளைக் காணவில்லை.

“என்ரை வெஸ்பா!” என்று தோத்தோ தலையில் அடித்தான். “யப்பான் என்ரை வெஸ்பாவோடை போயிட்டான்!”

“அவன் யப்பான் இல்லை, கொரியா,” என்றார் கதிரேசு. அந்த நெருக்கடியிலும் அதைத் திருத்தாமல் விட அவரால் முடியவில்லை.

“எல்லாம் ஒரு பக்கந்தானே!”

அந்த நேரம் பார்த்துச் சிஞ்ஞோராவின் அழைப்பு. “மூண்டாம் அறை எப்பிடி இருக்கிறார், கதீர்?”

“நல்லா இருக்கிறார், சிஞ்ஞோரா. காத்து வாங்க வெளியிலை போனவர்.”

“நல்லது. காத்து நல்லது.”

காற்று வாங்கப் போனவன் கடைசியில் வந்தான். பெட்டி வெறுமையாக இருந்தது. மீன் காசைத் தோத்தோவிடம் எண்ணிக் கொடுத்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. வெஸ்பாவில் வந்த காற்று என்று கதிரேசு நினைத்தார். அவன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு மேலே ஏறிப் போய், மறுபடி கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆனால் போர்கோ வெக்கியோவில் ஒரு செய்தி மீனைவிட வேகமாகக் கைமாறும். சாயந்திரமே சிஞ்ஞோரா கத்தரீனா மூன்று மாடியும் ஏறி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“காசு குடுத்துத் தங்கியிருக்கிற ஆளை மீன் காவ விட்டனீயாம், கதீர்! ஊரே கதைக்குது!”

“அது… ஆசைப்பட்டார், சிஞ்ஞோரா.”

“சிசிலியைப் பாக்க வந்த பிள்ளை, மீன் பெட்டியைப் பாத்திட்டுப் போய் என்ன எழுதும்? இவர் மட்டும் மனம் நொந்து போகட்டும், அண்டைக்கே சாவியை என்னட்டைத் தந்திடு.”

கதிரேசு இரவெல்லாம் யோசித்தார். அறை பிழை, சாப்பாடு பிழை, சந்தை பிழை. மிஞ்சியிருப்பது மலை.

மொந்தே பெல்லெகிரீனோ உச்சிக் குகையில் புனிதை சாந்த ரொசாலியா சிலையாகப் படுத்திருக்கிறாள். ஊரைக் கொள்ளைநோயிலிருந்து காத்தவள் என்று பலெர்மோக்காரர் கும்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைவிட அதிகமாகப் போய்க் கும்பிடுவது தமிழர்கள்தான். கதிரேசுவின் வீட்டுச் சாமித்தட்டில் முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் அவளுக்கு நிரந்தர இடம். பெர்மெசோ மறுபடி கிடைத்தால் மலையடியிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று அவர் ஏற்கெனவே நேர்ந்து வைத்திருந்தார்.

ஞாயிறு காலை கதவைத் தட்டி, மலையைக் காட்டி, “ஹேப்வா?” என்றார். அவன் சூட்கேஸைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், சப்பாத்தைப் போட்டான்.

பஸ்ஸில் கதிரேசு அவனோடு இத்தாலியனில் கதைத்துக்கொண்டு போனார். மொழி தெரியாதவனோடு கதைக்கும்போது யாருமே தன் தாய்மொழியில் கதைப்பதில்லை. அரைகுறையாகத் தெரிந்த இன்னொன்றில்தான் கதைப்பார்கள். “என்னை எல்லாரும் பங்களா எண்டுவினம். நான் பங்களா இல்லை. இலங்கை. தமிழ். விளங்குதே? பேர் கதிரேசு. கதீர் இல்லை. க-தி-ரே-சு.”

அவன் பலமாகத் தலையாட்டினான். கையை நெஞ்சில் வைத்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

குகையில் மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. பிறகு கடலைப் பார்க்கும் விளிம்புக்குக் கூட்டிப்போனார். வருகிறவர்கள் எல்லோரும் படம் எடுக்கும் இடம். நல்ல விமர்சனம் எழுத வைக்கும் இடம். ஆனால் கம்பித் தடுப்புக்குப் பத்தடி முன்னாலேயே அவன் ஒரு பைன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். முகத்தில் இரத்தம் இல்லை. அந்நேரம் மலைக்கு மேலால் ஒரு விமானம் ஏறிப் போனது. அவன் கண்ணை இறுக்கி மூடி மரத்துக்குள் நுழையப் பார்த்தான்.

“பிளேனுக்கோ பயம்?” என்றார் கதிரேசு. அவர் சிரிக்கவில்லை. மரத்தடியில் அவனுக்குப் பக்கத்தில் குந்தினார். “எனக்குத் தெரியும், தம்பி, அது. கொழும்பிலை முதல்முதல் ஏறேக்கை நான் சீற்றிலை முழுசா இருக்கேல்லை. நான் முழுசா இருந்தால் பாரம் கூடி விழுந்திடும் எண்டு, தொடையை ஊண்டி, அரை அங்குலம் எழும்பின மாதிரியே வந்தனான். டோகா மட்டும். பக்கத்திலை இருந்த மனிசி பாவம் பாத்து, ‘தம்பி, கக்கூஸ் அந்தப் பக்கம்’ எண்டு காட்டினது.”

அவன் சிரித்தான். சரியான இடத்தில் சிரித்தான். கையையும் காலையும் காட்டிச் சொன்னதால் விளங்கியிருக்கும் என்று கதிரேசு நினைத்தார்.

“பிளேன் விழேல்லை. நான்தான் விழுந்தனான், இறங்கேக்கை படியிலை. ஆனா வந்து சேந்திட்டன், பார்.” எழுந்து, கம்பியைக் காட்டினார். “ஹேப்வா.”

அவன் மரத்தை விட்டான். ஒரு அடி. இன்னொரு அடி. கம்பியைப் பிடித்து, கீழே கடலைப் பார்த்தான். பார்த்துவிட்டு நிலத்தில் இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, ஓவென்று அழத் தொடங்கினான்.

மலையில் நின்ற தமிழ்ச் சனம் முழுக்கக் கூடிவிட்டது.

“கதிரேசண்ணை, அந்தப் பிள்ளையை என்ன செய்தனீங்கள்?” என்று செல்வமலர் அக்கா ஏசினாள். “தாய் தேப்பன் எந்தத் தேசத்திலை தேடுதுகளோ!” கைப்பையைத் திறந்து திருநீறு எடுத்து அவனுடைய நெற்றியில் இழுத்துவிட்டாள். அவன் இன்னும் பலமாக அழுதான்.

திங்கட்கிழமை காலை மூன்றாம் அறைக் கதவு திறந்து கிடந்தது. படுக்கை மடித்திருந்தது. சூட்கேஸ் இல்லை. தலையணையில் சாவி மட்டும் இருந்தது. பதிவு முடிய இன்னும் நாள் இருந்தது.

“ஓடிட்டான்,” என்றார் கதிரேசு வெறும் அறையைப் பார்த்து. உறைப்பைத் தீற்றி, மீனைக் காவ வைத்து, மலை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினால் யார்தான் இருப்பார்கள்?

செவ்வாயும் புதனும் தர்மிளா போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நட்சத்திரம் எதுவும் விழவில்லை. “கொரியாவுக்குப் போய் ஆறுதலா எழுதுவார், அப்பா,” என்றாள். அது ஆறுதலாக இல்லை.

வியாழன் பின்னேரம் சிஞ்ஞோரா வந்தாள். கதிரேசு மூன்று அறைச் சாவிகளையும் தெருக்கதவுச் சாவியையும் துடைத்து மேசையில் வைத்தார். பள்ளிக்கூடத்தால் வந்த தர்மிளா அப்பாவுக்குப் பின்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“எனக்கும் சந்தோசமில்லை, கதீர்,” என்றபடி சிஞ்ஞோரா கைப்பையைத் திறந்தாள்.

அப்போது கீழே தெருவில் ஒரு பெண்ணின் குரல் வெடித்தது. “பங்களா எண்டு சொல்லாதை! தமிழ்! இலங்கைத் தமிழ்! ஆளைப் பாத்த உடனை நீ நினைச்ச நாட்டைக் கொண்டுபோய் ஒட்டுறதோ? வாய் இருக்கெல்லே? கேட்டுத் தெரிஞ்சுகொள்ளன்!”

“மூண்டாம் மாடி, சிஞ்ஞோரா,” என்று தோத்தோவின் குரல் பணிவாகக் கேட்டது.

படியேறி வந்தவள் கட்டையான, ஐம்பதைத் தாண்டிய பெண். ஒரு கையில் புத்தம்புதிய துடைப்பமும் வாளியும். முகத்தைக் கண்டதும் தர்மிளா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அவற்றை அம்மா!” பிறகு இடுப்பை மடித்து, நாடகங்களில் பழகிய கொரிய வணக்கத்தைச் சொன்னாள். கதிரேசுவும் மடிந்தார். வந்தவளும் மரியாதைக்கு மடிந்தாள்.

“கதிரேசு?” என்றாள் அவள், ஓர் எழுத்தும் பிசகாமல். “இது உங்களுக்கு. நல்ல துடைப்பம், மலிவுச் சாமான் இல்லை. என்ரை மகன் மிலானோ போய்ச் சேந்திட்டான். பிளேனிலை!”

“பிளேனிலையோ?”

“அங்கை வேலை கிடைச்சு, சொந்தமெல்லாம் கூடி விருந்து வைச்சு, அழுது, மூண்டு காரிலை விமான நிலையம் மட்டும் கொண்டுபோய் விட்டனாங்கள். பயத்திலை ஏறேல்லை. வெக்கத்திலை வீட்டுக்கும் வரேல்லை. இஞ்சை வந்து படுத்துக்கொண்டு, ‘மிலானோவிலை ஒரே மழை, அம்மா’ எண்டு எனக்குப் போன் எடுக்கிறான்! ஒருநாள் என்ரை கடைக்கு முன்னாலை வெஸ்பாவிலை மீன் பெட்டியோடை அவனை மாதிரி ஒருத்தன் நிண்டு நிண்டு பாத்திட்டுப் போறான். மிலானோவிலை நனையிறவன் இஞ்சை எப்பிடி வெயிலிலை மீன் காவுவான் எண்டு நானும் விட்டிட்டன்.”

பலெர்மோவில் கொரியக் குடும்பம் கடை வைத்திருப்பது கதிரேசுவுக்கு இவ்வளவு நாளும் தெரியாது. “அப்ப அவருக்கு இத்தாலியன் விளங்குமோ?”

“ஏன் விளங்காமல்? வாயைத் திறந்தால் பிடிபட்டிடுவன் எண்டு பொத்திக்கொண்டு இருந்திருக்கிறான். நீங்கள் மலையிலை சொன்ன கதையை முழுக்கச் சொன்னவன். மிலானோ மட்டும் சீற்றிலை முழுசா இருக்கேல்லையாம். பணிப்பெண் வந்து கக்கூஸைக் காட்டினதாம்.” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு வியாபாரக் குரலில் சிஞ்ஞோராவிடம் திரும்பினாள். “எங்களுக்குச் சரக்குக் கொண்டு வாறவை மாதாமாதம் வருவினம். மூண்டாம் அறையை ஒரு வருசத்துக்கு எனக்குப் பதிஞ்சு வையுங்கோ. ஆனா காலமை கோப்பி கதிரேசுதான் ஊத்தவேணும்.”

சிஞ்ஞோரா கைப்பையை மூடினாள். மேசையில் இருந்த சாவிகளை ஒரு விரலால் கதிரேசுவின் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

கதிரேசு சாவிகளைப் பார்த்தார். சிஞ்ஞோராவின் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக ஓட்டை வாளியின் நினைவு வரும் இடம் அது. ஆனால் கையில் வந்தவள் தந்த புது வாளி இருந்தது. மூச்சை இழுத்து, தனக்குத் தானே, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டார்.

“ஹேப்வா.”

பிறகு இத்தாலியனில், “சிஞ்ஞோரா, கொன்ராத்திலை இனி முழு நாள் எண்டு எழுதவேணும்,” என்றார்.

சிஞ்ஞோரா அவரைப் பார்த்தாள்; ஒரு வருடத்துக்கு அறை பிடித்தவளைப் பார்த்தாள். “சரி,” என்றாள். “திங்கட்கிழமை எழுதுவம், கதி… கதிரேசு.”

துடைப்பம் கொண்டுவந்தவள் கைகளைத் தட்டினாள்.

“அதுதான்! அதே சொல்லு! நாங்கள் சீனாவிலையிருந்து வந்து இஞ்சை கடை போட்டு முப்பது வருசம், என்ரை சல்வோ பிறந்ததே பலெர்மோவிலைதான், ஆனா அவனுக்கு இப்பிடி ஒரு சொல்லை நாங்கள் ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. இப்ப கடையிலை எல்லாரும் ஆளையாள் அதைத்தான் சொல்லுறம், உங்கடை தமிழ் எவ்வளவு நல்ல மொழி, கதிரேசு!”